"நீ இந்தியனா, அமெரிக்கனா?" என்று கேட்ட நண்பருக்கும் சேர்த்து

கோவையில் பொறியியல் படிக்கும் திருப்பூர்த் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. 2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதைப் பற்றி அவருடைய கல்லூரியில் விவாதம் நடந்திருக்கிறது. இவருடைய தந்தையார் பத்துப் பன்னிரண்டு தையல் மிஷின் வைத்து, ஏற்றுமதிப் பனியன்களைத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் நடத்துகிறவர். ஆர்டர் நின்று பாதி மிஷின்கள் உறை போட்டுக் கிடந்ததைத் தம்பி தினமும் பார்த்திருக்கிறார். ஆனாலும் விவாதத்தில், "அந்த நாட்டில் இந்த வரியை ஆதரிக்கிறவர்கள் ஏன் ஆதரிக்கிறார்கள் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். உடனே ஒரு நண்பர் எழுந்து, "நீ இந்தியனா, அமெரிக்கனா?" என்று கேட்க, அரங்கமே கைதட்டியிருக்கிறது. நாட்டுப்பற்றும் தேசியவாதமும் ஒன்றுதானா, கேள்வி கேட்பது பற்றுக் குறைவா, சர்வதேசியம் என்பது நடைமுறைக்கு உதவாத பேச்சா என்று தம்பி கேட்கிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன். அந்தக் கைதட்டலைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துப் போயிற்று. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கொங்கு மண்டலத்தை முன்னோர் 24 நாடுகளாகப் பிரித்து வழங்கினார்கள். பூந்துறை நாடு, காங்கேய நாடு, தென்கரை நாடு என்ற அந்த நாடுகளில் ஒன்றை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சில நாள்களில் சுற்றி வந்துவிடலாம். அதே சொல்லைத்தான் 1969 ஜனவரி 14 அன்று சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தபோது முழு மாநிலத்துக்கும் சூட்டினோம். இந்தியாவையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். சொல் ஒன்றுதான், அது குறிக்கும் பரப்பு மட்டும் காலத்துக்குக் காலம் விரிந்திருக்கிறது. சென்னிமலைக்காரர் ஒருவர் ஈரோட்டில் தம்மைச் சென்னிமலைக்காரர் என்பார், சென்னையில் கொங்குப் பக்கம் என்பார், பெங்களூரில் தமிழர் என்பார், துபாயில் இந்தியர் என்பார். கேட்கிறவர் யார், எந்த இடத்தில் நின்று கேட்கிறார் என்பதற்கேற்ப விடை மாறுகிறதே தவிர, ஒன்றைச் சொன்னதால் மற்றொன்று பொய்யாகிவிடுவதில்லை. 2021 ஜூலையில் கொங்குப் பகுதியைத் தனியே பிரிப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது, கொங்கு என்ற அடையாளத்தில் மிகுந்த பெருமை கொண்ட பலரே அதை எதிர்த்தார்கள். அடையாளம் வேறு, அரசியல் எல்லை வேறு என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

ஆகவே நாட்டுப்பற்று என்பது தான் வாழும் மண்ணிடமும் மக்களிடமும் உள்ள பிணைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தேசியவாதம் அதற்கு மேலும் செல்கிறது. மக்கள் கூட்டம் ஒன்று ஒரே தேசம் என்றும், அந்தத் தேசத்துக்கு ஓர் அரசு வேண்டும் என்றும், மற்ற எல்லாப் பிணைப்புகளுக்கும் மேலாக அந்தப் பிணைப்பு இருக்க வேண்டும் என்றும் அது கோருகிறது. பற்று மிகப் பழையது. இந்தக் கோரிக்கை உலக வரலாற்றில் புதியது. 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகே, நாடு அரசருடைய சொத்து என்ற எண்ணம் போய் மக்களுடையது என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது. அச்சும் செய்தித்தாளும் பொதுப்பள்ளியும் ரயிலும் ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத கோடிக்கணக்கானோரை "நாம்" என்று பேசவைத்தன. 1882-ல் பாரிசில் தேசம் என்றால் என்ன என்பது பற்றி உரையாற்றிய பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான், ஒரு தேசத்தார் பலவற்றைச் சேர்ந்து நினைவு வைத்திருப்பதைப் போலவே பலவற்றைச் சேர்ந்து மறந்தும் இருக்கிறார்கள் என்றார்.

மறத்தலுக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. தீரன் சின்னமலையை இந்திய விடுதலை வீரர் என்று போற்றுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டு 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவருக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் தீர்த்தகிரி என்ற இளைஞருக்குச் சின்னமலை என்ற பெயர் எப்படி வந்தது என்று நம் பாட்டிமார் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். கொங்கிலிருந்து மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார், யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையில் இருக்கும் சின்னமலை பறித்தது என்று போய்ச் சொல்லுங்கள் என்றார் என்பதுதான் கதை. அப்போது அன்னியர் யார்? மைசூர்க்காரர். பின்னாளில் அதே சின்னமலை மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் பக்கம் நின்று கம்பெனிப் படையை எதிர்த்தார். இந்தியா முழுவதும் ஒரே நாடு, அதற்கு விடுதலை வேண்டும் என்ற இன்றைய சொல்வழக்கு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தம் மண்ணின் மீது பிறர் ஆதிக்கம் செலுத்துவதை அவர் பொறுக்கவில்லை என்பது உறுதி. இதைச் சொல்வதால் அவருடைய வீரம் ஒரு துளியும் குறையாது. நம்முடைய சொற்களை அவருடைய வாயில் வைத்துப் பேசுகிறோம் என்ற உணர்வு நமக்கு இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

திருப்பூர்க் குமரனின் கதையில் அந்தச் சிக்கல் இல்லை. அவர் எதற்காக நின்றார் என்பது அவருக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. சென்னிமலையில் 1904-ல் பிறந்து திருப்பூரில் பிழைத்த அந்த இளைஞர், 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிய ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்று, போலீஸ் தடியடியில் மண்டை பிளந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் இந்தப் பாடத்தை நடத்தும்போது நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பேன்: அவர் கையில் இருந்தது அன்றைக்கு எந்த அரசாங்கத்தின் கொடி? வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும். அது எந்த அரசாங்கத்தின் கொடியும் இல்லை. இன்றைய தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-ல்தான். குமரன் பிடித்திருந்தது ஓர் இயக்கத்தின் கொடி. அன்றைய சட்டத்தின் பார்வையில் தடை செய்யப்பட்ட கொடி. அவரை அடித்த போலீசார் அன்றைய அரசாங்கத்துக்கு விசுவாசமாக இருந்தவர்கள். நாடு, மக்கள், அரசாங்கம் என்ற மூன்றும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால், குமரனைத் துரோகி என்றும் தடியடி நடத்தியவர்களை நாட்டுப்பற்றாளர்கள் என்றும் சொல்ல நேரிடும். நம்மில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனவே அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது நாட்டுக்கு எதிரானது என்ற வாதத்தைத் திருப்பூரில் பிறந்த ஒருவர் எப்படி ஏற்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து நான் சொல்லப் போவது குமரனின் மறைவுக்கு மூன்றரை மாதங்களுக்கு முன் நடந்தது. கைதட்டிய அரங்கத்தில் இருந்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்த காந்தி, லங்காஷயர் பகுதிக்குப் போனார். நாம் கதர் உடுத்திச் சீமைத் துணியைப் புறக்கணித்ததில் அடி வாங்கிய மில் ஊர்கள் அங்கேதான் இருந்தன. அடிக்கு அது ஒன்றே காரணம் அன்று. உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் போட்டியும் இருந்தன. ஆனாலும் வேலையிழந்து நின்ற தொழிலாளர்கள் காந்தியின் பெயரைச் சொல்லிக் குமுறியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். டார்வென் என்ற ஊரின் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவர் அவர்களுடைய துன்பத்தைக் கேட்டார். இந்தியக் கிராமத்தின் வறுமை அதைவிடக் கொடியது என்று விளக்கினார். புறக்கணிப்பைக் கைவிடுவதாகச் சொல்லவில்லை. தம் நாட்டின் நியாயத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமலே, அந்த நியாயத்தால் துன்பப்படுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்து பேச முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. "நீர் இந்தியரா, ஆங்கிலேயரா?" என்று அவரைப் பார்த்து யாராவது கேட்டிருந்தால் அது எவ்வளவு பொருளற்ற கேள்வியாக இருந்திருக்கும்!

அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன், 1921-ல், அன்னியத் துணியை எரிப்பது பற்றிக் காந்திக்கும் தாகூருக்கும் வெளிப்படையான கருத்து மோதல் நடந்தது. உடுத்தத் துணியில்லாத மக்கள் உள்ள நாட்டில் துணியை எரிப்பதைத் தாகூர் ஏற்கவில்லை. அவர் நம் தேசிய கீதத்தை இயற்றியவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேசியவாதத்தைக் கண்டித்து உரைகள் ஆற்றியவரும் அவரேதான். காந்தி அவரைப் பெருங்காவலர் என்று குறிப்பிட்டே மறுமொழி எழுதினார்.

இப்போது தம்பி கல்லூரியில் சொன்னதற்கு வருகிறேன். லங்காஷயரின் இடத்தில் 2025-ல் திருப்பூர் இருந்தது. வேறொரு நாட்டின் முடிவு இங்கே மிஷின்களை நிறுத்தியது. உள்நாட்டு வேலைகளைக் காப்பாற்றவே வரி என்ற மறுபக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து பார்த்தால் என்ன தெரிகிறது? அமெரிக்கர் உடுத்தும் துணிகளில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகவே வெளிநாடுகளிலிருந்துதான் போகிறது. எனவே பனியன் மீதான வரி காப்பாற்றக்கூடிய தையல் வேலைகள் அங்கே மிகக் குறைவு. அந்த வரியை முதலில் கட்டுகிறவர் அங்குள்ள இறக்குமதியாளர். அந்தச் சுமையின் ஒரு பகுதி அந்த நாட்டு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது, மறுபகுதி விலையைக் குறைக்கச் சொல்லி நம் ஏற்றுமதியாளர் தலையில் விழுகிறது. மேலும் அந்த 50 சதவீதத்தில் 25 சதவீதம், இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதைக் காரணம் காட்டி விதிக்கப்பட்டது. அதற்கும் பனியனுக்கும் தொடர்பே இல்லை. தம்பி, உங்கள் நண்பர் கைதட்டல் வாங்கினாரே தவிர, இவற்றில் ஒன்றையாவது சொல்லியிருப்பாரா? எதிர்த்தரப்பை அறிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் சொன்ன வழியில் போயிருந்தால்தான் இந்தியாவுக்கு ஆதரவான வலுவான வாதமே கையில் கிடைத்திருக்கும். அதே சமயம் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் காரணத்தைக் கேட்டறிவதோடு வேலை முடிவதில்லை, அந்தக் காரணம் நிற்கிறதா என்று உரசிப் பார்க்கவும் வேண்டும். நம் பக்கமே எப்போதும் தவறு என்று முன்கூட்டி முடிவு செய்து பேசுவதும் சிந்தனைச் சோம்பல்தான்.

தேசிய அடையாளத்தைப் பற்றிப் பேசும்போது, அதை யார் யாருக்கு வழங்குகிறார்கள் என்பதை விட்டுவிட முடியாது. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்படும் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்களுடைய முன்னோர் வெள்ளையர் காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, அந்த மலைகளைத் திருத்தி, அந்த நாட்டின் ஏற்றுமதியையே தாங்கியவர்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-லேயே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அரிசி மூட்டையைப் பங்கு போடுவதைப் போல மனிதரைப் பங்கு போட்டார்கள். அங்கே "இந்தியாக்காரர்" என்று சொல்லப்பட்டவர்கள் இங்கே வந்து இறங்கியபோது "சிலோன்காரர்" ஆனார்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் பாட்டி கண்டிப் பக்கத்தில் பிறந்தவர். ரேஷன் கார்டுக்காக ஓர் அலுவலகத்தில் "சொந்த ஊர் எது?" என்று கேட்டபோது, கையிலிருந்த பழைய தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் பதில் சொல்லாமல் நின்றாராம். தேசிய அடையாளம் என்பது இரத்தத்திலேயே இருக்கிறது என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் நினைவுதான் வருகிறது.

நமக்குள்ளேயே "வெளியாள்" என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அனுப்பிய குழுவினர் இங்கே வந்து திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களிடம் நேரில் விசாரித்தார்கள். வீடியோக்கள் தவறானவை என்று தெரியவந்தது. தமிழ்நாடு காவல்துறைத் தலைவரே விளக்கினார்: ஒன்றில் அடித்துக்கொண்டவர்கள் பீகாரைச் சேர்ந்த இரண்டு குழுவினர், மற்றொன்றில் அடித்துக்கொண்டவர்கள் கோவை உள்ளூர்க்காரர்கள். ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குப் போன கூட்டத்தைப் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டியவர்களும் உண்டு. வடக்கே அதை நம்பியவர்கள் மீது நமக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் "வடக்கத்தியான் வந்துதான் ஊர் கெட்டது" என்று நம் டீக்கடையில் ஒருவர் சொல்லும்போது, எந்த வழக்கு, எந்தக் காவல் நிலையம், எத்தனை பேர் என்று நாம் கேட்கிறோமா? அதே வாக்கியத்தை நாமக்கல் லாரி டிரைவரைப் பற்றி மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாபாவில் சொன்னால் பொறுத்துக்கொள்வோமா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட இந்தியா முழுவதும், ஆப்பிரிக்க நாடுகள் வரையிலும் போகின்றன. அங்கே நம் பையன்கள்தான் மொழி தெரியாத வெளியாள்கள். ஒரு வாதத்தில் பெயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தாலே பாதிப் பொய் உதிர்ந்துவிடும். வகுப்பறையில் நான் கற்றுக்கொடுத்தவற்றில் மாணவர்களுக்கு மிகவும் பயன்பட்டது இந்த ஒரு பழக்கம்தான் என்று பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

சர்வதேசியம் நடைமுறைக்கு உதவாத பேச்சா என்பது மூன்றாவது கேள்வி. இதில் ஒரு குழப்பத்தை முதலில் நீக்க வேண்டும். வெளிநாட்டோடு வியாபாரம் செய்வது சர்வதேசியம் ஆகிவிடாது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணிகள் செய்தார்கள், இரும்பை உருக்கினார்கள். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. உலகத்தோடு நமக்குள்ள கொடுக்கல் வாங்கல் அவ்வளவு பழையது. ஆனால் அதே நொய்யலில் என்ன நடந்தது? உலகமெல்லாம் உடுத்தும் பனியனுக்குச் சாயம் போட்ட கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று கீழே உள்ள விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆலைக்காரர் கடன் பட்டுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார், தொழிலாளி வேலையிழந்தார், விவசாயி நிலத்தை இழந்தார். அந்தத் துணியை மலிவாக வாங்கி உடுத்திய கண்டங்களுக்கு அந்தக் கணக்கில் என்ன பங்கு? சரக்கு எல்லை தாண்டிப் போயிற்று, பொறுப்பு எல்லை தாண்டவில்லை. எல்லைக்கு அப்பால் உள்ளவருக்கு என் செயலால் நேரும் தீங்குக்கு நானும் பொறுப்பு என்று ஏற்பதையே நான் சர்வதேசியம் என்பேன்.

அது எளிதில் நிற்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1912-ல் பாசல் நகரில் கூடிய ஐரோப்பியச் சோஷலிஸ்டுகள் போரைத் தடுப்போம் என்று உறுதி எடுத்தார்கள். 1914 ஜூலை 31-ல் போரை எதிர்த்துப் பேசிவந்த பிரெஞ்சு சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ஜோரே பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 4-ல் ஜெர்மன் சோஷலிஸ்டுக் கட்சி போர்ச் செலவுக்கு ஆதரவாக வாக்களித்தது. நான்கே நாள்களில் எல்லாம் கவிழ்ந்தது. இன்றைய ஐக்கிய நாடுகள் சபையிலும் 193 நாடுகள் உறுப்பினராக இருக்க, ஐந்து நாடுகளுக்கு மட்டும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது. சர்வதேசம் என்ற பெயரில் வலியவர் பேசுவதையும் தேசம் என்ற பெயரில் வலியவர் பேசுவதையும் ஒரே உரைகல்லில்தான் உரச வேண்டும்.

ஆனாலும் தோற்றதை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது. பெரியம்மையை ஒழிக்கலாம் என்று 1958-ல் உலக சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தது சோவியத் நாடு. 1967-ல் தீவிரமான அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓர் அமெரிக்க மருத்துவர். அணுகுண்டுகளை ஒருவரை நோக்கி ஒருவர் குறிவைத்திருந்த காலம் அது! இந்தியாவில் 1975-ல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஊருக்கு ஊர் மாரியம்மனை வேண்டி நின்ற தாய்மார்களின் பேரப் பிள்ளைகள் முகத்தில் இன்று அம்மைத் தழும்பு இல்லை. அந்த மருந்துக் குப்பியில் எந்த நாட்டு முத்திரை இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

கடைசியாக, அடுத்த விவாதத்துக்கு உதவும் ஒரு செய்தி. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு குடிமக்களின் கடமைகளைச் சொல்கிறது. 1976-ல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவில், தேசியக் கொடியையும் கீதத்தையும் மதிப்பது முதல் உட்பிரிவிலேயே வருகிறது. அதே பட்டியலில் அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்ப்பதும் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய 51-ஆம் பிரிவு, உலக அமைதியையும் நாடுகளுக்கிடையே நேர்மையான உறவையும் வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. உங்கள் நண்பர் மறுபடியும் எழுந்து "நீ இந்தியனா?" என்று கேட்டால், கோபப்படாமல் இந்த இரண்டு பிரிவுகளையும் அவரிடம் படிக்கக் கொடுங்கள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் தந்தையாரின் பவர்டேபிளுக்குப் போங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், மிஷின் எந்த நாட்டில் செய்தது, ஆர்டர் நின்ற மாதங்களில் யார் யாருக்குக் கூலி கிடைக்கவில்லை என்று இருவருமாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விவாதத்தை அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம்.